நாலடிக் குழாய் பாடும் எட்டடி ஸ்வரம்

பப்பாளி இலைக்காம்பை இரண்டு பக்கமும் நறுக்கி, விளிம்பில் உதட்டை வைத்து ஊதுங்கள். ஒரு ஸ்வரம் கேட்கும். இனி கீழ்வாயை விரலால் பொத்திக்கொண்டு ஊதுங்கள். காம்பு அதேதான், ஸ்வரம் மட்டும் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். கட்டையை அழுத்தினால் குழாய்க்குள் காற்றுப் புகுந்து ஒலிக்கும் கருவி குழல் ஆர்கன்; அதில் சின்னதன் சூட்சுமத்தில் பாதி இதுதான்.

எங்கள் குமரி மாவட்டத்து சர்ச்சுகளில் பழகியது கால் ஆர்மோனியமும் கீபோர்டும். ஆர்மோனியத்தில் பித்தளை நாக்கு அதிர்கிறது. குழல் ஆர்கனிலோ, புல்லாங்குழலைப் போல, காற்று ஒரு விளிம்பில் மோதி உள்ளே நிற்கும் காற்றுத் தூணை அதிர வைக்கிறது. இரு முனையும் திறந்த எட்டடிக் குழாய் வினாடிக்குச் சுமார் 65 முறை அதிரும். 32 அடி என்றால் 16 முறைதான். அதைக் காது கேட்பதைவிட உடம்பு உணர்வதே அதிகம். மேல்முனையை அடைத்துவிட்டால் நாலடிக் குழாயே அந்த எட்டடி ஸ்வரத்தைக் கொடுத்துவிடும். அடிப்படை ஸ்வரத்தோடு சேர்ந்தொலிக்கும் மேற்சுரங்களில் அதன் இரண்டு, நான்கு என இரட்டைப்படை மடங்கில் அதிர்பவை அதில் மங்கிவிடுவதால் நாதம் மென்மையாக, மரத்தின் மணத்தோடு வருவதுபோல இருக்கும். ஆளுயரம்கூட இல்லாத பெட்டிக்குள் முழு ஆர்கனும் அடங்குவது இதனால்தான்.

அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அரங்கில் 33,000க்கும் அதிகமான குழாய்கள் கொண்ட ஆர்கன் இருக்கிறது. பிரமாண்டம், மறுக்கவில்லை. ஆனால் 34 மீட்டர் தள்ளி நிற்கும் குழாயின் ஒலி வாசிப்பவரை எட்ட வினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். விரல் முந்தும், காது பிந்தும்.

என் மனம் சின்னதன் பக்கம்தான். நல்ல சின்ன ஆர்கனில் கட்டைக்கும் குழாய்க்குக் காற்றை விடும் கதவுக்கும் நடுவே மெல்லிய மரக்குச்சிகள் மட்டுமே. கதவு திறக்கும் அந்த நொடி விரலுக்குத் தெரியும். மெல்ல அழுத்தினால் ஸ்வரத்துக்கு ஒரு தொடக்கம், சட்டென்று அழுத்தினால் வேறொரு தொடக்கம். காற்றழுத்தமும் குறைவு: தண்ணீரை ஐந்தாறு சென்டிமீட்டர் உயர்த்தும் அளவு. ஸ்ட்ரா வைத்து இளநீர் உறிஞ்ச அதைவிட அதிகம் வேண்டும்! அதனால் பாடகர் குழுவின் நடுவிலேயே வைத்து வாசிக்கலாம், யார் குரலையும் அது விழுங்காது.

அப்புறம் நம் வெயில். வெப்பம் கூடினால் குழாய்களின் ஸ்ருதி ஏறும். பெரிய ஆர்கனில் கூரையருகே உள்ள குழாய்கள் ஒரு சூட்டிலும் கீழே உள்ளவை வேறொரு சூட்டிலும் நின்று, ஒன்றோடொன்று பிசகும். சின்னப் பெட்டியில் பெரும்பாலும் எல்லாம் சேர்ந்தே ஏறும். பாடுகிறவர்களும் தெரியாமலே கூட ஏறிவிடுவார்கள்.