பவளப்பூச்சியின் ஈட்டி

“பவளம் விலங்கு என்கிறீர்கள். ஒட்டிய இடத்தைவிட்டு நகராத விலங்கு எப்படி வேட்டையாடும்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

பாறையாகத் தெரிவது அது கட்டிய சுண்ணாம்பு வீடு. குடியிருப்பவை பாலிப்கள்: பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அகலம், நடுவில் வாய், சுற்றிலும் உணர்கொம்புகள். அவற்றின் திசுக்களுக்குள் வாழும் பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து, தயாரித்த உணவில் 90 சதவீதம் வரைகூட வீட்டுக்காரருக்கே தந்துவிடும். ஆனால் சர்க்கரையை மட்டும் வைத்து உடம்பு வளர்க்க முடியாதே. நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும். அதற்காகத்தான் இருட்டியதும் பல பவளங்கள் கொம்புகளை விரித்து மிதவை உயிரிகளைப் பிடிக்கின்றன.

எதைக் கொண்டு பிடிக்கின்றன என்பதுதான் எனக்குப் பிடித்த கதை. கொம்பு முழுக்கக் கொட்டும் செல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உறை. அதற்குள் நீண்ட குழல் ஒன்று, அவசரமாகக் கழற்றிய சட்டையின் கைபோல உள்வெளியாகத் திரும்பிச் சுருண்டு கிடக்கிறது. உறைக்குள் பாலிகுளூட்டமேட் என்ற மூலக்கூறுச் சங்கிலிகளும் அவை இழுத்து வைத்திருக்கும் அயனிகளும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். பள்ளியில் படித்த சவ்வூடு பரவல் நினைவிருக்கிறதா? தண்ணீர் உள்ளே பாயத் துடிக்கும். பவளத்தின் நன்னீர் உறவான ஹைட்ரா என்ற குட்டிக் குளத்து உயிரியின் உறையில் இப்படி ஏறும் அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல சுமார் 150 மடங்கு! கொலாஜன் வகைப் புரதத்தாலான சுவர் வில் நாணாக விறைத்துத் தாங்கி நிற்கிறது.

தொட்டால் மட்டும் பொதுவாக வெடிக்காது. இரையின் வேதிச் சுவடும் சேர வேண்டும். சேர்ந்தால் மூடி திறக்கும், குழல் வெளிப்புறமாகப் புரண்டு பாயும், நஞ்சு இறங்கும். 2006இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் நொடிக்கு 14 லட்சம் படங்களுக்கும் மேல் எடுக்கும் கேமராவால் ஹைட்ராவில் இதைப் படம்பிடித்தார்கள். இரையைத் துளைக்கும் குழலின் முள் பாய எடுத்துக்கொண்ட நேரம் 700 நானோநொடி (ஒரு நானோநொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு). முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல 50 லட்சம் மடங்குக்கும் மேல். குளத்துப் பூச்சியைப் படமெடுக்க இவ்வளவு செலவா என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. அவர்கள் கையில் நிதி ஒதுக்கீடு இருந்திருந்தால் இந்த எண் நமக்குக் கிடைத்திருக்காது.

ஓர் உறை ஒரே ஒரு முறைதான் சுடும். பிறகு புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். செய்வதற்குப் பதில் திருடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஓடில்லாத கடல் நத்தைகளில் சில வகைகள் பவளத்தின் உறவுகளான கடல் சாமந்தியையோ (பூப்போலத் தெரியும் விலங்கு) ஹைட்ராய்டையோ (ஹைட்ராவின் கடல் உறவு) தின்னும்போது, வெடிக்காத உறைகளைச் செரிக்காமல் முதுகிலுள்ள விரல்போன்ற நீட்சிகளின் நுனிக்கு அனுப்பிச் சேமிக்கின்றன. கடிக்க வரும் மீனுக்கு அதே ஈட்டி! குத்துச்சண்டை நண்டு அந்தச் சிரமமும் படுவதில்லை. இரண்டு கொடுக்கிலும் ஆளுக்கொரு குட்டிக் கடல் சாமந்தியைப் பிடித்துக்கொண்டே திரியும். ஒன்றைப் பறிகொடுத்தால் மற்றொன்றை இரண்டாகக் கிழித்துக்கொள்ளும். இரு துண்டும் முழுச் சாமந்தியாக வளர்ந்துவிடும்.