காலையில் கிரீச்சிடும் டாஷ்போர்டு, பத்து மணிக்கு ஏன் அடங்கிவிடுகிறது?

‘வாங்கி ஒன்றரை வருடம் ஆன கார். காலையில் எடுத்தவுடன் டாஷ்போர்டில் கிரீச் கிரீச் என்று சத்தம். வெயில் ஏறினால் காணோம். சர்வீஸ் சென்டரில் விட்டால் ஒன்றுமே இல்லையே சார் என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். என்னதான் காரணம்?’ என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. கார் அங்கே போய்ச் சேர்வதற்குள் சத்தம் நிஜமாகவே போயிருக்கும்.

வண்டிக்குள் எழும் வேண்டாத சத்தங்கள் மூன்று வகை. முதலாவது ‘விர்ர்’. ஒரு பேனலின் இயல்பு அதிர்வெண்ணும் எஞ்சினின் அதிர்வும் ஒத்துப்போனால் வருவது, பள்ளியில் படித்த ஒத்ததிர்வுதான். மூன்று சிலிண்டர் எஞ்சின் வண்டி நிற்கையில் நிமிடத்துக்கு 800 சுற்றில் (ஐடிலில்) ஓடும்போது நொடிக்கு 20 முறை எரிப்பு நடக்கும். ஏசி போட்டதும் ஐடில் வேகம் மாறும், விர்ர் சத்தம் தொடங்கும் அல்லது நிற்கும். இரண்டாவது ‘கடகட’. இரண்டு பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைவிட அவற்றின் ஆட்டம் அதிகமானால் மோதிக்கொள்ளும். இதில் பெரிய மர்மம் இல்லை. மூன்றாவதான ‘கிரீச்’சில்தான் சுவாரசியமே இருக்கிறது.

உராய்வு அதிகமாக இருந்தால் கிரீச்சிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. உராய்வு எவ்வளவு அதிகமாக இருந்தாலும், நிலை உராய்வும் (நகரத் தொடங்குமுன் தடுப்பது) இயக்க உராய்வும் (நகரும்போது தடுப்பது) சமமாக இருந்தால் சத்தமே வராது. சத்தத்துக்குக் காரணம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

நுண்ணோக்கியில் பார்த்தால் வழவழப்பான பிளாஸ்டிக்கும் மேடு பள்ளம்தான். இரண்டு பரப்புகள் தொடுவது சில மேட்டு நுனிகளில் மட்டும். அசையாமல் இருக்கும் நேரம் கூடக்கூட அந்த நுனிகள் மெல்ல நசுங்கி, தொடும் பரப்பு கூடி, பிடிப்பு இறுகும். இப்போது ஒரு பாகத்தை மெதுவாகத் தள்ளுங்கள். பரப்பு நகராது. அதைத் தாங்கும் பிளாஸ்டிக் கொக்கியும் கிளிப்பும்தான் வில்லாக வளையும். வளைவின் விசை நிலை உராய்வைத் தாண்டிய கணத்தில் பிடி விட்டுப்போகும். நகரத் தொடங்கியதும் உராய்வு சட்டென்று குறைவதால், சேர்த்துவைத்த ஆற்றல் முழுவதும் ஒரே துள்ளலில் வெளியேறும். துள்ளல் முடிந்ததும் மறுபடி பிடித்துக்கொள்ளும். இப்படிப் பிடித்து விடுவது நொடிக்குப் பல நூறு தடவை நடந்தால் பேனலே ஒலிபெருக்கியாகிவிடும். வயலின் வில்லுக்கு ரோசின் என்ற பிசின் தடவுவதும் இதே வித்தியாசத்தைக் கூட்டத்தான். அங்கே அது சங்கீதம், இங்கே தலைவலி. கிரீச் ஒலியின் பெரும்பகுதி, நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் பகுதியில் விழுவது நம் துரதிர்ஷ்டம்.

இதற்குப் பெரிய ஆட்டம் தேவையில்லை. ஒரு பேனல் நொடிக்கு 10 முறை, இருபக்கமும் 0.05 மில்லிமீட்டர் மட்டும் அசைந்தால்கூட உச்ச வேகம் நொடிக்கு 3 மில்லிமீட்டர் வந்துவிடும். இது பிடித்து விடுவதற்குத் தோதான வேகம்.

இப்போது வெப்பநிலைக்கு வருவோம். டாஷ்போர்டின் உள்ளே குறுக்காக ஓர் எஃகுச் சட்டம் இருக்கும். எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.012 மிமீ விரியும். டாஷ்போர்டுக்குப் பயன்படும் பிளாஸ்டிக்கான பாலிபுரோப்பிலீன், கலப்படமில்லாவிட்டால், கிட்டத்தட்ட 0.1 மிமீ. 40 டிகிரி ஏறினால் எஃகு அரை மில்லிமீட்டர், பிளாஸ்டிக் நான்கு மில்லிமீட்டர். டால்க் தூள் கலந்து இந்த விரிவைக் குறைப்பார்கள், ஆனாலும் வித்தியாசம் இருக்கும். குளிர்ந்த காலையில் ஒரு மூலையில் அழுத்திக்கொண்டிருக்கும் பேனல், வெயில் ஏறியதும் விலகிக்கொள்ளும். பிளாஸ்டிக்கும் சூட்டில் இளகி அதிர்வை உள்வாங்கிக்கொள்ளும். வாசகரின் கார் பத்து மணிக்கு வாயை மூடிக்கொள்வதற்கு இவையே போதும். சத்தம் வேண்டுமென்றால் வண்டியை முந்தைய இரவே சர்வீஸ் சென்டரில் விட்டுவிட்டு, காலை ஏழு மணிக்கு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று போகவேண்டும்.

வடிவமைப்பாளர்கள் இதை முன்கூட்டியே பிடிக்கப் பார்ப்பார்கள். பொருள் தேர்வில் ஜெர்மன் வாகனத் துறையின் விடிஏ 230-206 சோதனை புழக்கத்தில் இருக்கிறது. இரண்டு பொருள்களின் துண்டுகளை 10 மற்றும் 40 நியூட்டன் அழுத்தத்தில், நொடிக்கு 1 மற்றும் 4 மிமீ வேகத்தில் உரசவிட்டு, 1 முதல் 10 வரை ஆபத்து எண் கொடுப்பார்கள். 3 வரை கவலையில்லை. 6 ஆகிவிட்டால் அந்த ஜோடியைத் தொடவிடக் கூடாது. ஒரே பிளாஸ்டிக் தன்னோடு தானே உரசுவது பெரும்பாலும் மோசமான ஜோடி. அடுத்து கணினி மாதிரியில், பேனல்கள் சந்திக்கும் ஒவ்வொரு இடைவெளி நெடுகிலும் ஒரு கோடு போட்டு, அதன் இரு கரைகளும் எவ்வளவு விலகி அசைகின்றன என்று கணக்கிடுவார்கள். குறுக்கே வரும் அசைவு இடைவெளியைத் தாண்டினால் கடகட. நெடுக்கே வருவது அந்த ஜோடி பிடி விடும் தூரத்தைத் தாண்டினால் கிரீச். இடைவெளியைக் கணக்கிடும்போது வரைபட அளவை அப்படியே வைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை. வார்ப்பில் பாகத்துக்குப் பாகம் வரும் அளவு வேறுபாட்டையும் வெப்ப விரிவையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் இடைவெளி.

பிறகு நிஜச் சோதனை. கரடுமுரடான கல் பாவிய தடத்தில் பதிவுசெய்த அதிர்வை, முழு டாஷ்போர்டையும் ஷேக்கர் எனும் அதிர்வு இயந்திரத்தில் பூட்டித் திருப்பி ஓட்டுவார்கள். ஷேக்கரே இரைந்தால் சோதனை பாழ். அதனால் காற்றாடிக் குளிரூட்டல் இல்லாத, சத்தமில்லாத மின்காந்த ஷேக்கர் தேவை. அறையின் வெப்பநிலையைப் பூஜ்ஜியத்துக்குக் கீழிருந்து 60 டிகிரிக்கு மேல்வரை மாற்றுவார்கள். அளவு டெசிபலில் அல்ல, காது உணரும் ஒலிப்பை அளக்கும் ‘சோன்’ அலகில். சராசரி உதவாது, ஏனென்றால் கிரீச் என்பது நொடிப்பொழுது சமாச்சாரம். மொத்த நேரத்தில் பத்து சதவீதம் தாண்டப்படும் அளவைத்தான் பார்ப்பார்கள். பேட்டரி கார்களில் எஞ்சின் இரைச்சல் என்ற போர்வை இல்லை, எனவே இந்த வரம்பு இன்னும் இறுகிவிட்டது. பேட்டரி ஆய்வுக்குக் கொட்டும் பணத்தில் கொஞ்சத்தை உராய்வை ஆராயும் உராய்வியலுக்கும் ஒதுக்கலாம் என்பது என் கட்சி. நம் கல்லூரிகளில் அது இன்னும் விருப்பப் பாடமாக ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் காரில் நீங்களே தேட விரும்பினால், முதலில் வண்டியைக் காலி செய்யுங்கள். டாஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார், கதவுப் பையில் கிடக்கும் சில்லறை, மூக்குக்கண்ணாடிக் கூடு எல்லாம் சந்தேகப் பட்டியலில் முதலிடம். பிறகு வேறொருவர் ஓட்ட, பேனல் இணைப்புகளை உள்ளங்கையால் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். எங்கே அழுத்தினால் நிற்கிறதோ, இடம் அதுதான். கதவிலிருந்து விர்ர் வந்தால், ஸ்பீக்கரில் 30 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒலியை ஓடவிட்டால் காட்டிக்கொடுத்துவிடும்.

கையில் கிடைத்த எண்ணெய் ஸ்பிரேயை மட்டும் அடிக்காதீர்கள். கனிம எண்ணெய் பட்டால் கதவோரத்தில் இருக்கும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் ஊதிவிடும். விறைப்பில் இருக்கும் பாலிகார்பனேட் கலவைப் பிளாஸ்டிக்கில் விரிசல் விடலாம். ரப்பருக்கு சிலிக்கோன் கிரீஸ் போதும். பிளாஸ்டிக்குக்கு அரை மில்லிமீட்டருக்குள் தடிமன் உள்ள ஃபெல்ட் டேப் (கம்பளி போன்ற இழைத்துணி நாடா). அதன் இழைகள் வளைந்து கொடுப்பதால் பிடித்து விடும் ஆட்டம் தொடங்குவதே இல்லை. ஒட்டுமுன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு பக்கம் மட்டும் ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒட்டினால் பேனல் துருத்திக்கொண்டு நிற்கும், கிளிப் முழுதாக உட்காராது, கிரீச் போன இடத்தில் கடகட வந்துசேரும்.