உறைபனியைப் பாருங்கள், கரிச்சட்டியை வெளியே வையுங்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் ஊட்டியில் காலையில் பால் வாங்கப் போகிற இடத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை ஒரே கேள்விதான்: "உங்க பக்கம் பனி விழுந்துச்சா?" நவம்பரில் நீர்ப்பனியாகத் தொடங்கி, குளிர் ஏற ஏற உறைபனியாகி, பிப்ரவரி வரை வருவதும் போவதுமாக இருக்கும். நான் இங்கே பொது மருத்துவராக 20 வருடங்களுக்கு மேல் இருக்கிறேன். இன்றைக்கும் வானம் தெளிந்த ஜனவரிக் காலை என்றால் கிளினிக்குக்குப் போகும் முன் தலைகுந்தா பக்கம் ஒரு நடை போய்வராமல் இருக்க முடிவதில்லை.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆறரை மணிக்குப் புல்வெளி முழுக்க யாரோ கல்லுப்பைப் பொடித்துத் தூவியது போல வெள்ளையாக இருக்கும். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் ஊசி ஊசியாகப் பனி நிற்கும். கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். மேட்டில் விழுந்த வெயில் மெல்ல இறங்கிவரும். அது தொட்ட இடத்தில் வெள்ளை கலைந்து பச்சை தெரியும், நிலத்திலிருந்து ஆவி எழும். எட்டு, எட்டரைக்கெல்லாம் ஒன்றுமே நடக்காதது போல ஈரப் புல் மட்டும் மிச்சமிருக்கும்.

பனி 'விழுந்தது' என்று நாங்கள் எல்லோரும் சொன்னாலும் அது மேலிருந்து விழுவதில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. காற்றிலிருக்கும் ஈரம் அந்தக் குளிர்ந்த புல்லின் மேலேயே உறைந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். 2,637 மீட்டர் உயரத்தில் இருக்கும் தொட்டபெட்டா உச்சியை விட்டுவிட்டு, கீழே காந்தலிலும் தலைகுந்தாவிலும் தாவரவியல் பூங்காவின் புல்வெளியிலும் உறைபனியைத் தேடச் சொல்வது இதனால்தான். வெப்பமானி 2 டிகிரி, 3 டிகிரி காட்டும் காலையிலும் புல் நுனி 0-க்குக் கீழே போயிருக்கும். எங்களுக்கு இது அழகு, தேயிலை வைத்திருப்பவருக்குக் கருகிப்போன கொழுந்து. அதையும் சொல்லாமல் விடக்கூடாது.

இதைப் பார்க்க வருகிறவர்களை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. குல்லா, கையுறை போட்டுக்கொண்டு, குழந்தைக்குக் காதை மூடிவிட்டு, ஒரு மணி நேரம் புல்வெளியில் நிற்பதால் ஆரோக்கியமான உடம்புக்குக் கேடு வராது. என் பயமெல்லாம் முந்தின ராத்திரி அறைக் கதவைச் சாத்திய பிறகு நடப்பதைப் பற்றித்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரிக் காலை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம், பாட்டி, கணவன் மனைவி, இரண்டு பிள்ளைகள். "நைட்டு சாப்பிட்டது ஒத்துக்கலை போல டாக்டரம்மா, எல்லாருக்கும் தலைவலி, வாந்தி" என்றார் அந்தப் பெண். வயிற்றுவலி இல்லை, பேதி இல்லை, காய்ச்சல் இல்லை. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி 98 சதவீதம் காட்டியது. பாட்டிக்கு மட்டும் நிற்க முடியவில்லை, பேச்சும் குழறியது. ஸ்டெதாஸ்கோப்பை வைக்கக் குனிந்தபோது அவருடைய சால்வையில் கரி வாசம் அடித்தது.

"ரூமுக்குள்ள கரி ஏதாவது எரிச்சீங்களா?"

"வெளியிலதான் டாக்டரம்மா சிக்கன் சுட்டோம். கங்கு வீணாப் போகுதேன்னு சட்டியை உள்ளே வச்சிக்கிட்டோம். துளி புகைகூட வரலையே."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எல்லாமே இருக்கிறது. புகை வந்தால் கண் எரியும், இருமல் வரும், நாமே எழுந்து கதவைத் திறந்துவிடுவோம். புகை அடங்கிச் செக்கச்செவேல் என்று தணல் கனியும் நேரத்தில் அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, வாசமில்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் ஏற இடமே இருக்காது. விரல் கருவிக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால்தான் 98. மருத்துவரே ஏமாந்துபோகிற எண் அது. தூக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலிகூடத் தெரியாமல் மயக்கம் கூடிவிடும். ஊட்டி இருக்கும் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏற்கெனவே சமவெளியைவிடக் குறைவு, மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குடும்பத்தில் அப்பா மட்டும் ஓரளவு தெம்பாக இருந்தார். கதவோரம் படுத்தவர். கதவுக்கு அடியில் விரல் நுழைகிற அளவு சந்து இருந்ததாம். அந்தச் சந்துதான் அவரைக் காப்பாற்றி, காலையில் மற்றவர்களை எழுப்பவும் வைத்தது. எல்லோருக்கும் முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுத்து ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஐந்து பேரும் நன்றாகிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து மருமகள் போன் செய்தார்: "அத்தை இப்பல்லாம் அடுப்புல பாலை வச்சிட்டு மறந்துடறாங்க." விஷவாயு ரத்தத்தை விட்டுப் போனாலும், மூளையில் அது விட்டுச்செல்லும் காயம் சில வாரம் கழித்தும் தலைகாட்டலாம்.

எல்லோருக்கும் அவர்களுடைய அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. கொடைக்கானலிலும் இதே போல அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்திகள் வந்திருக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். காரில் கரிச்சட்டி வைத்துக்கொண்டு தூங்கும் டிரைவர்கள், ஒற்றை அறையில் நாலைந்து பேராகத் தங்கும் கூலித் தொழிலாளர்கள், ஏன், எங்கள் ஊர்க்காரர்களே இதைச் செய்கிறார்கள். "எங்க தாத்தா காலத்துல இருந்து கணப்பு வச்சுத்தானே படுக்கிறோம்" என்பார்கள். உண்மைதான். அந்த வீட்டில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஆயிரம் சந்து இருந்தது. இன்றைக்குக் கட்டும் காட்டேஜில் காற்று நுழையக்கூடாது என்றே கண்ணாடியும் சிமெண்டும் வைத்து அடைக்கிறோம். கணப்பு பழையது, அறை புதியது. குளியலறைக்குள் மாட்டியிருக்கும் கேஸ் கீசரும் இதே வாயுவைத்தான் விடும். ஜன்னல் இல்லாத குளியலறையில் அது இருந்தால் அறையையே மாற்றிக் கேளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

சரி, கரி இல்லாமல் குளிரை எப்படித் தாங்குவது? படுக்கைக்கு அடியில் ஒரு கம்பளி, மேலே இரண்டு. கீழே விரிப்பதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உலர்ந்த சாக்ஸ், தலைக்குக் குல்லா. வெந்நீர்ப் பையைத் துணி சுற்றிக் கால்மாட்டில் வைக்கலாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் படுக்கும் முன் அதை எடுத்துவிட வேண்டும், சூடு தெரியாமல் கொப்பளித்துப்போன பாதங்களை வருடா வருடம் பார்க்கிறேன். இரவு வயிறு நிறையச் சாப்பிடுங்கள், உடம்பின் அடுப்புக்கு அதுதான் விறகு.

குளிருக்கு இதமாக என்று குடிக்கும் மது நேர்மாறாக வேலை செய்யும். தோலுக்கு ரத்தம் பாய்வதால் கதகதப்பாகத் தோன்றும், உள்சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து டீ-ஷர்ட்டோடு பைக்கில் ஏறிவரும் பையன்கள் வழியில் மழையிலும் நனைந்தால், 0 டிகிரி தேவையே இல்லை, 8, 10 டிகிரியே போதும். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்க ஆரம்பித்துவிடும். நடுங்குகிறவரைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. குளிர் குறையாமலே நடுக்கம் நின்று, பேச்சு குழறி, தூக்கம் வருகிறது என்கிறவரைத்தான் உடனே ஈரத் துணியைக் களைந்து, கம்பளியில் சுற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும்.

இதய நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் பனி பார்க்க வரலாம். மாத்திரையை விடாமல், மேட்டில் மூச்சுவாங்க ஏறாமல், வெயில் வந்த பிறகு வாருங்கள். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும், இதயத்துக்கு அந்த நேரத்தில் கூடுதல் வேலை. ஆஸ்துமா இருந்தால் மூக்கையும் வாயையும் மப்ளரால் மூடிக்கொள்ளுங்கள், இன்ஹேலர் பெட்டியில் வேண்டாம், சட்டைப்பையில் இருக்கட்டும்.

அப்புறம் ஒன்று. ஒரே அறையில் தூங்கியவர்கள் பலர் ஒன்றாகத் தலைவலியோடு எழுந்தால், உணவை யோசிக்கும் முன் கதவு ஜன்னலைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். 108-ஐ அழைக்கும்போது "ரூமில் கரி இருந்தது" அல்லது "கீசர் ஓடியது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெறும் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். முகமூடியில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். அன்று அந்தப் பாட்டியின் சால்வையில் வாசம் அடிக்காமல் இருந்திருந்தால், வாந்திக்கு ஊசி போட்டு அதே அறைக்கு நான் அவர்களைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.