மூடிய தளத்திலிருந்து வரும் வைரஸ் எச்சரிக்கை

திருமங்கலத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: வீட்டுக் கணினியின் வலது கீழ் மூலையில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன’ என்ற அறிவிப்பு அடிக்கடி எழுகிறது, ஆன்டிவைரஸை ஓடவிட்டும் ஒன்றும் அகப்படவில்லை, அப்படியானால் வைரஸ் எங்கே ஒளிந்திருக்கிறது?

பெரும்பாலும் வைரஸே இருக்காது. இணையப் பக்கம் எதுவும் பிரவுசரின் பாதுகாப்பு வேலிக்குள்தான் இயங்குகிறது. நாமாக எடுத்துக் கொடுக்காத வரை வட்டில் உள்ள கோப்புகளைப் படிக்க அதற்கு வழியில்லை. ‘ஸ்கேன்’ ஆவதுபோல் நகரும் பட்டை வெறும் அசைபடம். ‘மதுரை’ என்று ஊர்ப்பெயரையும் காட்டுவதுதான் பலரை நடுங்க வைக்கிறது. நாம் திறக்கும் எந்தத் தளத்துக்கும் நம் ஐபி முகவரி, அதாவது நம் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண், தெரியும் என்பதால், ஊரை ஊகிப்பது அதற்குக் கடினமன்று.

தளத்தை மூடிய பிறகும் அறிவிப்பு வருவது எப்படி என்பதே இதில் வியப்பான பகுதி. கள்ளழகர் வைகையில் எழுந்தருளும் நேரலையையோ பிளஸ் டூ முடிவையோ தேடும்போது, அறிமுகமில்லாத ஒரு தளம் ‘நீங்கள் ரோபோ அல்ல என்பதை உறுதிசெய்ய அனுமதி என்பதை அழுத்துங்கள்’ என்கிறது. அழுத்திய கணத்தில், அத்தளம் சர்வீஸ் வொர்க்கர் என்னும் சிறு நிரலைப் பிரவுசருக்குள் பதிவுசெய்துகொள்கிறது. பிரவுசரோ செய்தியைப் பூட்டவும் திறக்கவும் உதவும் ஒரு சாவி இணையை உருவாக்கி, இரகசியச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பொதுச் சாவியையும் தனக்கென ஒதுக்கப்பட்ட ஒரு முகவரியையும் தளத்திடம் கொடுத்துவிடுகிறது. அந்த முகவரி பிரவுசர் நிறுவனத்தின் சேவையகத்தில் இருக்கிறது. அதனுடன் நம் பிரவுசர் எப்போதும் ஓர் இணைப்பைத் திறந்தே வைத்திருக்கிறது. தளம் அனுப்பும் செய்தி அந்த வழியாக வந்து, உறங்கும் நிரலை எழுப்பி, மூலையில் பெட்டியாக விரிகிறது. குரோம் பின்னணியில் இயங்க விடப்பட்டிருந்தால், ஜன்னல் ஒன்றும் திறந்திராதபோதும் இது நடக்கும்.

செய்தி பூட்டப்பட்டே பயணிப்பதால், முத்திரையிட்ட கடிதத்தைக் கொண்டுவரும் தபால்காரரைப் போல இடையிலுள்ள சேவையகம் அதைப் படிக்க முடியாது. வங்கியின் செய்தியை அந்நியர் கண்ணிலிருந்து காக்கும் அதே கணிதம், மோசடிக்காரரின் பொய்யையும் வழியில் படித்துத் தடுத்து நிறுத்த முடியாதபடி காக்கிறது. தலைப்பு, வாசகம், கேடயப் படம் எல்லாம் அனுப்புகிறவர் விருப்பம். அவரால் மறைக்க முடியாதது, பெட்டியில் சிறிய எழுத்தில் தெரியும் தளத்தின் முகவரி மட்டுமே. தீங்கான கோப்பு எதுவும் கணினியில் இறங்காததால்தான் ஆன்டிவைரஸ் வெறுங்கையோடு திரும்புகிறது.

குரோம் அமைப்புகளில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிபிகேஷன்ஸ்’ எனச் சென்று, அனுமதி பெற்ற பட்டியலிலிருந்து, பெட்டியில் கண்ட தளத்தின் முகவரியை நீக்கினால் போதும். 2020இல் குரோமும் பயர்பாக்ஸும் இந்த அனுமதிக் கேள்வியை ஓரளவு அடக்கி வைத்தன. தளங்கள் கேட்கவே முடியாதபடி தொடக்கத்திலேயே மூடி வைத்திருப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து. 2023இல் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில், மூத்தவர்களை அமர வைத்து இந்த ஒரு பட்டியலைத் திறந்து காட்டும் மாலை வகுப்பு நடந்தால், எத்தனையோ பேரின் சேமிப்பு தப்பும்.

திரையை முழுவதும் அடைத்துக்கொண்டு ஒலியெழுப்பும் பக்கமும் இதே இனம்தான். எஸ்கேப் விசையை அழுத்திப் பிடியுங்கள். அசையாவிட்டால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். அந்தப் பக்கத்தில் காணும் எண்ணுக்கு அழைக்கவே கூடாது; மைக்ரோசாப்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருப்பதில்லை. அழைத்தால், தொலைவிலிருந்து நம் கணினியை இயக்க வழிவிடும் எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவச் சொல்லி, விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ‘ஈவென்ட் வியூவர்’ பட்டியலின் சிவப்புக் குறிகளைக் காட்டி அச்சுறுத்துவார்கள். நல்ல நிலையில் உள்ள கணினியிலும் அக்குறிகள் இருக்கும்.

உண்மையான தீநிரல் சத்தமின்றி இருக்கவே விரும்பும். எங்கிருந்தோ இறக்கிய கோப்பை இயக்கிய பிறகு ஐயம் எழுந்தால், விண்டோஸிலேயே உள்ள ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓடவிடுங்கள். விண்டோஸ் முழுமையாக எழும் முன்பே அது தேடுவதால், தீநிரல் தன்னை மறைத்துக்கொள்ளும் வாய்ப்பு குறைகிறது. தொலைவிலிருந்து யாரையாவது ஏற்கெனவே உள்ளே அனுமதித்திருந்தால், முதலில் இணைய இணைப்பைத் துண்டித்து, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, வங்கிக்குத் தெரிவியுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930இல் புகார் செய்யுங்கள்.