காதில் கேட்டது கண்ணில் பட்டதா?

லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் டெம்பரேட் ஹவுஸ் என்றொரு கண்ணாடி மாளிகை இருக்கிறது. விக்டோரியா காலத்துக் கண்ணாடி மாளிகைகளில் இன்றும் நிற்பவற்றுள் இதுதான் உலகிலேயே பெரியது. அதற்குள் பார்வைக்குப் பனை போலவும் உண்மையில் சைக்கட் என்ற மிகப் பழமையான தாவர இனமாகவும் ஒரு மரம் நிற்கிறது. பெயர் என்செபலார்ட்டோஸ் வுடியை. 1895-இல் தென்னாப்பிரிக்காவின் ஓங்கோயே காட்டில் ஜான் மெட்லி வுட் என்ற தாவரவியலாளர் இதைக் கண்டார். காடு முழுவதிலும் ஒரே ஒரு தூர்தான் இருந்தது. அதிலிருந்து பிரித்த ஒரு பகுதி 1899-இல் கியூ வந்து சேர்ந்தது. நூறாண்டுக்கு மேல் கழித்து, 2004-இல்தான் அது இங்கே முதல்முறையாகக் கூம்பு விட்டது. சைக்கட்டுக்குக் கூம்புதான் பூ மாதிரி; ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. இங்கே வந்தது ஆண் கூம்பு. உலகத் தோட்டங்களில் இருக்கும் வுடியை எல்லாமே அந்த ஒரு தூரிலிருந்து வந்தவை, அத்தனையும் ஆண். பெண் மரம் இன்றுவரை அகப்படவில்லை.

ஹெட்போனில் கேட்டுக்கொண்டே சுற்றிப் பார்க்க உதவும் ஒலிப்பதிவுதான் ஆடியோ கைடு. அதை எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது. இதையும் இன்னும் பத்துப் பன்னிரண்டு அருகிவரும் மரங்களையும் வைத்து, நாற்பது நிமிடத்தில் சுற்றி முடிக்கும்படி ஓர் ஆடியோ கைடு தயாரித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். குரல் இனிமை, பின்னணியில் பறவைச் சத்தம், எல்லாம் சரி. கேட்டவருக்கு இதனால் ஏதாவது ஏறியதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. அதன் முறைகள் வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பதைவிடத் தந்திரமானவை.

முதலில் கைவிட வேண்டியது வாசலில் நீட்டும் கருத்துப் படிவத்தை. கல்யாண வீட்டில் கை கழுவிவிட்டு வருகிறவரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால் என்ன பதில் வரும்? அதேதான் இங்கேயும். “அருகிவரும் மரங்களைக் காப்பது முக்கியம் என்று நினைக்கிறீர்களா?” என்று கேட்டு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொன்னால் கிட்டத்தட்ட எல்லோரும் ஐந்து போடுவார்கள். சிக்கல் என்னவென்றால், உள்ளே போகும்போது கேட்டாலும் ஐந்துதான் போடுவார்கள். டிக்கெட் வாங்கித் தாவரவியல் பூங்காவுக்கு வருகிறவர் மரத்தை வெறுக்கிறவராக இருக்க மாட்டார். ஏற்கெனவே உச்சியில் இருக்கும் மதிப்பெண் ஏற இடமில்லை. இதை உச்சவரம்பு விளைவு என்பார்கள்.

சரி, மனப்பான்மையை விட்டுவிட்டு அறிவைச் சோதிக்கலாம் என்றால் அங்கே வேறொரு வம்பு. உள்ளே போகும்முன் பத்துக் கேள்வி, வெளியே வந்ததும் அதே பத்துக் கேள்வி என்று வைத்தால், முதல் சுற்றே பார்வையாளருக்குக் குறிப்புக் கொடுத்துவிடுகிறது. “வுடியை மரத்தில் எந்தப் பால் மட்டும் உள்ளது?” என்று வாசலில் கேட்டால், அந்த விவரம் வரும் இடத்தில் அவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். மதிப்பெண் ஏறும். ஏற்றியது ஆடியோவா நம் கேள்வித்தாளா என்று பிரிக்க முடியாது. முன்தேர்வின் இந்த வேலையைப் பிரித்தெடுக்க ரிச்சர்ட் சாலமன் என்ற உளவியலாளர் 1949-இல் நான்கு குழுக்கள் கொண்ட ஓர் ஆய்வமைப்பை முன்வைத்தார். பூங்காவில் அதை முழுதாகச் செய்ய ஆள்பலம் வேண்டும். அதனால் எளிய வழி ஒன்று: சிலரிடம் உள்ளே போகும்போது மட்டும் கேட்பது, வேறு சிலரிடம் வெளியே வரும்போது மட்டும் கேட்பது. ஒரே ஆளை இருமுறை கேட்பதில்லை.

ஆனால் வெளியே வருகிறவர்களிலும் இரண்டு கூட்டம் வேண்டும். ஆடியோ கேட்டவர்கள் ஒன்று, அதே பாதையில் பெயர்ப்பலகைகளை மட்டும் படித்துக்கொண்டு நடந்தவர்கள் இன்னொன்று. கணக்கு இப்படிப் போகும். பத்துக்கு, உள்ளே போகிறவர்களின் சராசரி 4 என்று வைத்துக்கொள்வோம். பலகை படித்து வந்தவர்கள் 5, ஆடியோ கேட்டவர்கள் 6.5. அறிக்கையில் பெருமையாக எழுத ஆசைப்படுவது 2.5 என்ற உயர்வை. ஆடியோவின் உண்மையான பங்கு அதில் 1.5 மட்டும்தான். மீதி ஒன்று, பூங்காவில் சும்மா சுற்றினாலே கிடைக்கும் பலன்.

அந்த 1.5-ஐயும் உடனே நம்பிவிடக் கூடாது. ஆடியோ கைடை விரும்பி எடுக்கிறவர் பெரும்பாலும் ஏற்கெனவே ஆர்வமுள்ளவர். ஹெட்போன் மாட்டாமலே அவர் கூடுதலாகக் கவனித்திருப்பார். அதனால் யாருக்கு ஆடியோ என்பதை அவர் விருப்பத்துக்கு விடாமல் நாணயம் சுண்டியோ, ஒருமணி நேரம் விட்டு ஒருமணி நேரம் கொடுத்தோ முடிவு செய்ய வேண்டும். இன்னொரு சோதனையும் எனக்குப் பிடித்தமானது. ஆடியோவில் பெயரே வராத ஒரு மரத்தைப் பற்றிக் கேள்வித்தாளில் இரண்டு கேள்வியை நடுவில் செருகிவிடுவது. ஆடியோ கேட்டவர்கள் அதிலும் முந்தினால், நாம் அளந்தது ஆடியோவின் பலனை அல்ல, தாவரம் தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் அதிகம் என்பதைத்தான்.

இவ்வளவும் வாயால் வரும் பதில்கள். கால்கள் எங்கே நிற்கின்றன என்று பார்ப்பது இன்னும் நேர்மையான வழி. யேல் பல்கலைக்கழக உளவியலாளர் எட்வர்ட் ராபின்சன் 1928-இல் அருங்காட்சியகப் பார்வையாளர்களின் நடத்தை பற்றிய ஆய்வை வெளியிட்டார். கடிகாரம் வைத்து, யார் எதன் முன் எத்தனை நொடி நிற்கிறார் என்று குறித்த வேலை அது. இன்றும் அடிப்படை மாறவில்லை. மதிப்பீட்டாளர் கையில் பூங்காவின் வரைபடம், பென்சில், ஸ்டாப்வாட்ச். பார்வையாளர் நின்ற இடத்தில் ஒரு புள்ளி, நின்ற நேரம், ஹெட்போனைக் கழற்றிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. ஒருவரைப் பின்தொடர்ந்து குறிப்பதால், இப்படி ஆய்வு நடக்கிறது என்ற அறிவிப்பு வாசலில் இருக்க வேண்டும். பெயர் எதுவும் எழுதக் கூடாது.

ஆப் வழியாக ஓடும் ஆடியோ என்றால் எந்தப் பதிவு எந்த நொடியில் நிறுத்தப்பட்டது என்று சர்வரே சொல்லிவிடுமே, பென்சில் எதற்கு என்று தோன்றலாம். சர்வருக்கு ஒலி ஓடியது தெரியும், ஆள் எங்கே நின்றார் என்பது தெரியாது. அம்மா ஒரு காதிலும் மகன் ஒரு காதிலும் இயர்போனை மாட்டிக்கொண்டு போவார்கள். மகன் மீன்தொட்டியைப் பார்த்ததும் ஓடுவான், கம்பி இழுபடும், அம்மாவும் பின்னாலேயே போவார். சர்வர் கணக்கில் அந்தப் பதிவு முழுமையாகக் கேட்கப்பட்டது. பென்சில் தாளில் பதினான்கு நொடி.

இந்தத் தாள்களை அடுக்கி வைத்துப் பார்க்கும்போதுதான் எழுத்தின் குறைகள் வெளிவரும். அடிக்கடி வருவது இது: “உங்கள் இடப்பக்கம் பாருங்கள்” என்கிறது குரல். பாதையில் எதிர்த்திசையிலிருந்து வந்தவருக்கு இடப்பக்கம் இருப்பது குப்பைத்தொட்டி. அவர் தலையைத் திருப்புவார், மறுபடி திருப்புவார், அதற்குள் குரல் கூம்பு வரைக்கும் போயிருக்கும். அச்சில் இருந்தால் கண் பின்னால் போய்ப் படித்துக்கொள்ளும். காதில் போனது போனதுதான். “பட்டை கருத்து, செதில் செதிலாக இருக்கும் மரம்” என்று எழுதியிருந்தால் எந்தப் பக்கம் நின்றாலும் பிழைத்திருக்கும்.

ஆடியோவுக்கு இருக்கும் உண்மையான பலமும் இங்கேதான் தெரிகிறது. பலகை படிக்கும்போது கண் மரத்தை விட்டு எழுத்துக்குப் போய்விடுகிறது. காதால் கேட்டால் கண் மரத்திலேயே இருக்கலாம். சொல்லும் படமும் கண்ணையே நம்பி வருவதைவிட, சொல் காது வழியாகவும் படம் கண் வழியாகவும் வந்தால் மனம் எளிதாகச் சேர்த்துக்கொள்கிறது என்பது கற்றல் ஆய்வில் பலமுறை பார்த்த விஷயம். அப்புறம், அதே ஆடியோவுக்கு ஒரு ஆப் செய்து திரையில் வரிக்கு வரி எழுத்தும் ஓடவிட்டால்? காது கேளாதவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். மற்றவர்களுக்கும் தானாகவே ஓடும்படி வைத்தால், கண் போனுக்குப் போய்விடும். இருந்த ஒரே லாபமும் போச்சு.

கண் மரத்தில் இருந்ததா என்பதைச் சோதிக்க எளிய கேள்வி ஒன்று உண்டு: “உள்ளே பார்த்ததில் மூன்றைச் சொல்லுங்கள்.” அணில், இரும்புச் சுழல்படி, காபிக் கடை என்று பதில் வந்தால் ஆடியோ தோற்றுவிட்டது. வாண்டர்சீ, ஷுஸ்லர் என்ற இரு அமெரிக்கக் கல்வியாளர்கள் 1999-இல் இதற்குத் ‘தாவரக் குருடு’ என்று பெயர் வைத்தார்கள். மனிதர்களுக்கு விலங்குகள் சட்டென்று தெரியும், செடிகொடிகள் பின்னணிப் பச்சையாகவே நிற்கும். பார்வையற்றோரைப் புண்படுத்தும் பெயர் என்று இப்போது பலர் இதைத் தவிர்க்கிறார்கள். எந்தப் பெயரில் சொன்னாலும், பட்டியலில் ஒரு மரமாவது பெயரோடோ அடையாளத்தோடோ வந்தால் அந்த ஆடியோ ஏதோ செய்திருக்கிறது.

கதையின் தொனியையும் இப்படிச் சோதிக்கலாம். உலக மரங்களைப் பற்றிய 2024-ஆம் ஆண்டு மதிப்பீட்டில், ஆராயப்பட்ட 47,282 இனங்களில் 38 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தது. இந்த எண்ணைச் சொல்லி ஆரம்பிப்பது ஒரு வகை. இன்னொரு வகை, 1994-இல் ஆஸ்திரேலியாவில் கண்டறிந்த வொலெமி பைன் போன்ற மீட்புக் கதை. காட்டில் முழுதாக வளர்ந்த மரங்கள் நூறுக்கும் கீழே. 2019–20 பெருந்தீயில் தீயணைப்பு வீரர்கள் தனிக் குழுவாக இறங்கி அவற்றைக் காத்தார்கள். இரண்டு தொனியிலும் இரண்டு பதிவு செய்து, நாள் மாற்றி நாள் ஓடவிட்டு, வெளியே வருகிறவர் கையில் பூங்காவே டோக்கன் போல ஒரு வில்லையைக் கொடுக்கலாம். பூங்கா எதற்குச் செலவிட வேண்டும் என்று சொல்ல, விதை வங்கி, புதிய விளையாட்டுத் திடல், காபிக் கடை விரிவாக்கம் என மூன்று பெட்டி. எதில் போடுகிறார்? ஐந்துக்கு ஐந்து போடுவது இலவசம். வில்லை ஒன்றுதான் இருக்கிறது, தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

இவ்வளவையும் ஒலிப்பதிவு முடிந்த பிறகு செய்வது பலரின் வழக்கம். என் கருத்தில் பணத்தின் பாதியை அதற்கு முன்பே செலவழிக்க வேண்டும். எழுதிய வரிகளைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு மரத்தடியில் போய், வருகிறவர்களில் ஐந்தாறு பேருக்கு வாசித்துக் காட்டி, “இப்போது எதைப் பார்த்தீர்கள்?” என்று கேட்டால் போதும். இடப்பக்கக் கோளாறு அங்கேயே பிடிபடும். ஸ்டூடியோவில் பதிவு செய்த பின் ஒரு வரியை மாற்றச் சொன்னால் யாரும் மாற்ற மாட்டார்கள்.

கடைசியாக ஆறு வாரம் கழித்து ஒரு போன். “யாரிடமாவது அந்த மரங்களைப் பற்றிச் சொன்னீர்களா, என்ன சொன்னீர்கள்?” வுடியை பற்றி “தனியாக நிற்கும் மரம்” என்று மட்டும் நினைவிருந்தால் உணர்ச்சி தங்கியிருக்கிறது, காரணம் தங்கவில்லை. “எல்லாம் ஆண், விதை வராது” என்று வந்தால் அறிவியலும் தங்கியிருக்கிறது. இந்தப் பதில்களைச் சராசரி போடும்போது மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆறு வாரம் கழித்துப் போனை எடுக்கிறவர்கள் பெரும்பாலும் ஆடியோ பிடித்தவர்கள். அதனால் எத்தனை பேரை அழைத்தோம், எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற இரண்டு எண்ணும் மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சாக வேண்டும்.