ஃபெர்ட்டிகேஷன் – நீர்வழி உரமிடல்

சொட்டுநீர்க் குழாய் போட்ட நிலக்கடலைக் கொல்லைகளில் 'ஃபெர்ட்டிகேஷன்' என்ற சொல் இன்று இயல்பாகப் புழங்குகிறது. நீரில் முழுதாகக் கரையும் உரத்தைப் பாசன நீரோடு கலந்து, குழாய் வழியாகவே வேரருகில் சேர்க்கும் முறைக்கு அது பெயர். உரமிடலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தலையையும், பாசனத்தைக் குறிக்கும் 'இரிகேஷன்' என்பதன் வாலையும் ஒட்டி அதனை உண்டாக்கினார்கள். முன்பாதி, சுமத்தல் என்று பொருள்படும் 'ஃபெர்ரே' என்ற இலத்தீன் வினையில் வேர்கொண்டது. பின்பாதி, நீர் பாய்ச்சுதலைக் குறிக்கும் 'ரிகாரே' என்பதிலிருந்து வந்தது.

தமிழில் இதனை உரப்பாசனம் என்றும், நீர்வழி உரமிடல் என்றும் எழுதுகிறார்கள். இரண்டாவதே பொருத்தமானது என்பது என் துணிபு. உரப்பாசனம் என்னும்போது பாசனம் முதன்மையாகி, உரம் அதற்கு வெறும் அடையாகிவிடுகிறது; நடக்கும் வேலையோ உரமிடல், நீர் அதற்கு வழி. 'உரம்' என்பதற்கே வலிமை என்பது பழைய பொருள். 'உரமொருவற்கு உள்ள வெறுக்கை' என்ற குறளில் அப்பொருளில்தான் வருகிறது. நிலத்துக்கு இடுவதை வள்ளுவர் 'எரு' என்கிறார். 'ஏரினும் நன்றால் எருவிடுதல்' என்று தொடங்கும் குறளில் எருவிடுதலும் நீர் பாய்ச்சுதலும் தனித்தனி வேலைகளாக நிற்கின்றன. அவ்விரண்டையும் ஒரே குழாயில் சேர்த்த முறைக்குத்தான் இப்போது பெயர் தேடுகிறோம்.

நீர்வழி என்ற சொல் நிலக்கடலையில் எதுவரை செல்லும் என்பதையும் அறிய வேண்டும். தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகளைப் பயிரின் வயதுக்கேற்பப் பல தவணையாகப் பிரித்து இவ்வாறு கொடுக்கலாம். வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்தித் தருவதால் அதனை அளவோடு இட்டால் போதும். மிகுந்தால் செடி தழைக்குமே தவிர, அதற்கேற்பக் காய் பிடிக்காது.

சுண்ணாம்புச்சத்தின் கதை வேறு. கடலைச் செடி மண்ணுக்கு மேலே பூத்து, சூல்கொண்டபின் ஆலம்விழுதைப் போலக் காம்பை நீட்டி மண்ணுக்குள் இறக்குகிறது. உழவர்கள் அதனை விழுது என்றே சொல்கிறார்கள். வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச்சத்து நீரோட்டத்தோடு மேலேறி, நீராவிப்போக்கு நிகழும் இலைகளுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து அது கீழே திரும்பி வருவது மிக அரிது என்பதாலும், மண்ணுக்குள் கிடக்கும் காயில் நீராவிப்போக்கு இல்லை என்பதாலும், காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே நேரடியாக உறிஞ்சியாக வேண்டும். அது கிடைக்காதபோது ஓடு மட்டும் வளர்ந்து, உள்ளே பருப்பில்லாத பொக்குக்காய் மிஞ்சுகிறது.

ஆகவேதான் ஜிப்சத்தைக் குழாயில் விடாமல், எக்டேருக்கு 400 கிலோ என்ற அளவில், விதைத்த 40 முதல் 45 நாளுக்குள் செடியோரம் தூவி மண் அணைக்கச் சொல்கிறார்கள். சுண்ணாம்போடு கந்தகமும் கொண்ட இந்த உப்பு ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 2 கிராம் மட்டுமே கரையும் என்பதால், குழாயில் நீர் சொட்டும் வாயான சொட்டுவானை அடைக்கக்கூடியது. சுண்ணாம்புச்சத்துள்ள உரத்தை மணிச்சத்து உரத்தோடு ஒரே தொட்டியில் கலந்தாலும் கரையாத வீழ்படிவு உண்டாகி அதே தொல்லை நேரும்.

ஜிப்சம் மண்ணில் கரைவதற்கும் ஈரம் வேண்டும். நீரைச் சேமிக்கும் நோக்கில் குழாயைப் புதைத்து வேரடியை மட்டும் நனைத்தால், மேல்மண் காய்ந்து இறுகி, விழுது இறங்க முடியாமல் போகும். இறங்கிய விழுதுக்கும் கரைந்த சுண்ணாம்பு எட்டாது. பூப்பது முதல் காய் திரள்வது வரையான நாட்களில், வேரடியைப் போலவே, விழுது இறங்கும் மேல் சில அங்குல மண்ணையும் கையால் அள்ளி ஈரம் பார்த்தே அடுத்த தண்ணீரை முடிவு செய்ய வேண்டும்.