கயிறு தாங்கும், மாட்டிய கொக்கி தாங்குமா?

ஆஃப்-ரோடு போகிறவர்கள் எங்கள் பட்டறைக்கு வந்தால் முதலில் எடுத்துக் காட்டுவது, சேற்றில் மாட்டிய வண்டியை இழுக்கும் கயிற்றைத்தான். எத்தனை டன் தாங்கும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். சரி, இதை வண்டியில் எங்கே மாட்டுவீர்கள் என்று கேட்டால் பம்பருக்குக் கீழே ஏதோ ஒரு வளையத்தைக் காட்டுவார்கள். அந்த வளையம் எவ்வளவு தாங்கும் என்று பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. எனக்குப் பயம் அங்கேதான். இழுக்கும்போது ஆளை அடிப்பது வெறும் கயிறு என்றால் காயத்தோடு போகலாம். கயிற்றின் நுனியில் இரும்பும் பிய்த்துக்கொண்டு வந்தால் உயிர் போய்விடும்.

வண்டிக்கு அடியில் தெரியும் எல்லா வளையமும் இழுப்பதற்கு வைத்தவை அல்ல. சில வளையங்கள், புது வண்டியை ட்ரெய்லரிலோ கப்பலிலோ ஏற்றும்போது ஆடாமல் கட்டி வைக்க மட்டும்தான். பம்பரில் சின்ன மூடியைக் கழற்றித் திருகும் கொக்கி, தார் ரோட்டில் நின்றுபோன வண்டியை நேராக, மெதுவாக இழுத்துப் போக. எல்லாவற்றையும்விட மோசம், பின்னால் ட்ரெய்லரைக் கோக்க வைத்திருக்கும் இரும்பு உருண்டையில், அதாவது டோ பாலில், கயிற்றை மாட்டுவது. உருண்டைக்குக் கீழே கழுத்து மெலிந்திருக்கும். திடீர் இழுப்பில் அங்கே ஒடிந்து, உருண்டை குண்டு மாதிரி பறந்து உயிர்ப்பலி வாங்கிய சம்பவங்கள் ஆஸ்திரேலியாவில் நடந்திருக்கின்றன.

எவ்வளவு விசை வரும்? சக்கரத்தின் நடுப்பகுதி வரை புதைந்த வண்டிக்கு அதன் எடை அளவு இழுவை வேண்டும், மட்கார்டு வரை புதைந்தால் இரண்டு மடங்கு வேண்டும் என்பது ராணுவ மீட்பு வேலைகளில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. ஒன்றேமுக்கால் டன் பக்கம் வரும் ஒரு மஹிந்திரா தார் ஜீப் மட்கார்டு வரை புதைந்தால் மூன்றரை டன். சாமான், ஆட்கள் எடை தனி. இது மெதுவாக இழுக்கும்போது. நீளும் கயிற்றைக் கட்டி, முன்வண்டி ஓடி வந்து இழுத்தால் கணக்கே வேறு. வேகம் இரண்டு மடங்கானால் கயிற்றில் ஏறும் ஆற்றல் நான்கு மடங்கு. 10 கிலோமீட்டர் வேகத்தில் வராத வண்டியை 20-ல் இழுத்துப் பார்க்கலாம் என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். கொக்கிக்கு அது சாதாரணம் இல்லை.

இப்போது போல்ட்டுக்கு வருவோம். ஆன்லைனில் வாங்கிய பளபளப்பான சிவப்புக் கொக்கியைக் கொண்டுவந்து மாட்டச் சொல்வார்கள். கொக்கி கனமாக, நன்றாகவே இருக்கும். கூடவே வந்த போல்ட்டின் தலையைத் துடைத்துப் பார்த்தால் ஒரு எண்ணும் இருக்காது. அந்த எண்தான் போல்ட்டின் வலுவைச் சொல்லும் தரக் குறியீடு. 8.8 என்று பொறித்த 12 மி.மீ. போல்ட், நீளவாக்கில் இழுத்தால் ஏறக்குறைய 6.8 டன்னில் அறும். குறுக்கே வெட்டும் விசை வந்தால் 4 டன் பக்கத்திலேயே அறுந்துவிடலாம். எண் இல்லாத சாதா போல்ட்டுக்கு இதில் பாதியைக்கூட நம்ப முடியாது. நான் 8.8-க்குக் கீழே மாட்டுவதே இல்லை. இடம் கொடுத்தால் அதைவிட வலுவான 10.9. சேஸிஸில் நிறுவனமே விட்டிருக்கும் துளைகளில், உள்பக்கம் கனமான இரும்புப் பட்டை கொடுத்து, இரண்டு போல்ட்டாவது போட வேண்டும்.

ஏற்கெனவே மாட்டியிருக்கும் கொக்கியை நீங்களே பார்க்கலாம். மண்ணைக் கழுவிவிட்டு டார்ச் அடியுங்கள். போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருக்கிறதா, வாஷர் ஒரு பக்கம் குழிந்திருக்கிறதா, வட்டத் துளை முட்டை வடிவத்துக்கு வந்திருக்கிறதா? இதில் ஒன்று தெரிந்தாலும் அது ஏற்கெனவே நகர ஆரம்பித்துவிட்டது. இறுக்கி முடுக்கினால் சரியாகாது, கழற்றிப் பார்க்க வேண்டும்.

சேஸிஸில் நேரடியாக வெல்டிங் வைத்துக் கொக்கி போடச் சொல்பவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். சூடு பட்ட இடத்தை ஒட்டி இரும்பின் குணம் மாறும், விரிசலும் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்பான புல் பார், மெல்லிய பட்டையில்தான் தொங்கும்; அதில் கட்டுவதும் வேண்டாம். (சாலையில் நடப்பவர்களுக்கும் அது ஆபத்து என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்கு எதிராக உத்தரவு போட்டது.) ஸ்டீயரிங் ராடு, அச்சு, லீஃப் ஸ்பிரிங் கொளுவி, எதிலும் கயிறு போகக் கூடாது.

இரண்டு பக்கமும் நல்ல கொக்கி இருந்தால் நாடா போன்ற ஒரு இழுவைப் பட்டையை இரண்டிலும் கொடுத்து நடுவில் இழுங்கள், சுமை பிரியும். பட்டை நீளமாக இருக்கட்டும். நடுவிலிருந்து பிரியும் பட்டையின் இரு பக்கங்களுக்கும் இடையே கோணம் 120 டிகிரி ஆகிவிட்டால், ஒவ்வொரு கொக்கியும் முழுச் சுமையையும் தாங்க வேண்டி வரும். கயிற்றையும் கொக்கியையும் இணைக்கும் இரும்பு ஷாக்கிளில் (குறுக்கே முள் போட்டு மூடும் வளையம்) 3.25, 4.75 என்று டன் கணக்கு பொறித்திருக்க வேண்டும். பொறிக்காததைக் கார் கதவு கட்டவும் வாங்காதீர்கள்.

நம் ஊரில் வண்டி கண்மாய்க் கரையிலோ வயல் வழியிலோ மாட்டினால் வருவது டிராக்டர்தான், அதுவும் சங்கிலியோடு. சங்கிலி நீளாது, முதல் வெட்டிலேயே முழு அடியும் கொக்கியில் இறங்கும். தளர்ச்சியை முழுக்க எடுத்துவிட்டு, முதல் கியரில் ஊர்ந்து இழுக்கச் சொல்லுங்கள். டிராக்டர்காரர் அவசரப்பட்டாலும் நீங்கள் விடாதீர்கள். அதற்கு முன்னால் மண்வெட்டியை எடுத்து, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் சேற்றை வழித்து, டயர் காற்றையும் குறைத்துவிடுங்கள். இழுவை நிறையக் குறையும். வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்றின் நேர்கோட்டை விட்டு விலகி, அதன் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் தள்ளிப் போன பிறகு கையைக் காட்டுங்கள்.